சக்கரத்தில் ஓடும் பழைய வீடு

"அமெரிக்காவில் இருக்கும் மருமகன் 1970களில் செய்யப்பட்ட ஓடும் வீடு ஒன்றை வாங்கப் போகிறாராம். சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும் என்று மகள் கவலைப்படுகிறாள். நான் என்ன சொல்ல?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

சகோதரி, மருமகனின் ஆசையைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் குறிப்பிடும் ஜீ.எம்.ஸீ. மோட்டார் ஹோம், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை விற்ற சொகுசு வண்டி. நீளம் 23 அல்லது 26 அடி. கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால் தரை தாழ்ந்திருக்கும். பிள்ளைகளும் முதியவர்களும் ஏறி இறங்குவது இலகு. மொத்தமே 13,000க்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்தார்கள். அதனால்தான் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அலுமினியமும் பைபர் கிளாஸும் கொண்ட வெளிக்கூடு துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டமோ துருப்பிடிக்கும். டோர்ச் அடித்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரங்களிலும் குளியலறை அருகிலும் காலால் அழுத்திப் பார்க்கட்டும். தரைப் பலகை அமிழ்ந்தால், நெடுநாளாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது என்று பொருள்.

டயரின் பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். அதன் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய பெற்றோல் குழாய்களையும் உடனே மாற்ற வேண்டும். இன்றைய பெற்றோலில் கலக்கப்படும் எதனோல் பழைய ரப்பரை அரித்துவிடும். கசிந்தால் தீப்பிடிக்கும், எஞ்சின் இருப்பதோ முன்பக்கத் தரைக்குக் கீழேதான்.

மகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடுப்பு எரிவதாலும் மின்பிறப்பாக்கியின் புகையாலும் உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். அதற்கும் எரிவாயுக் கசிவுக்கும் எச்சரிக்கை மணிகள் பொருத்தாமல் பிள்ளைகளை ஓர் இரவுகூட உள்ளே உறங்க வைக்கக் கூடாது. அடுப்பை மூட்டிக் குளிர் காயவும் கூடாது.

செலவும் வாங்குவதோடு முடிவதில்லை. ஒரு லீட்டர் பெற்றோலில் நாலு கிலோமீற்றர் ஓடினாலே பெரிது. உறைபனிக் காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடிக்காவிட்டால் குழாய்கள் வெடிக்கும். ஓடாமல் கிடந்தாலும் பழுது வரும்.

ஆகவே, "வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். முதலில் இப்படியான வண்டியொன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் போய் வரட்டும். பிறகு, பழைய வண்டிகளை அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்கட்டும். கையிலுள்ள பணம் அத்தனையையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே அந்த மாளிகை முற்றத்தில் நின்றுவிடும். திருத்த வேலைக்கென ஒரு பங்கை மகள் தன் கையில் வைத்திருக்கட்டும்.