கல்லில் வரைந்தவர்

ஆயுத பூஜையன்று ஒரகடம் பக்கத்து லேத் பட்டறைகளில் சரஸ்வதி படத்துக்கு மாலை விழுந்திருக்கும். வெள்ளைச் சேலை, வீணை, மயில். அந்த உருவத்துக்கு மூலவர் ஓவியர் ரவிவர்மா என்று பலருக்கும் தெரியும். அதைக் காகிதத்தில் ஏற்றி ஊர்ஊராகப் பரப்பியதில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. 2012இல் இங்கே டெய்ம்லர் லாரி ஆலை திறக்கப்படுவதற்கு நூறாண்டு முன்பே ஜெர்மன் தொழில்நுட்பம் நம் பூஜையறையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ரவிவர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவில் அச்சிட்டுப் பரப்பலாமே என்று யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவ். அவரோ 1894இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். அதை நடத்த ஜெர்மனியிலிருந்து தொழில்நுட்பர்களை வரவழைத்தார். ஷ்லைஷர் அவர்களில் ஒருவர். பிறகு பிளேக், கடன். லோணாவ்லா அருகே மளவ்லிக்கு இடம் மாறிய அச்சகம் கடைசியில் ஷ்லைஷர் கைக்கே போனது. அவர் விளம்பரப் படங்கள், வணிக லேபிள்கள் என்று கிடைத்ததையெல்லாம் அச்சடித்தார். கலையன்பர்கள் இதைச் சரிவு என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சகம் ஓடினால்தானே சாமி படமும் வரும்?

அந்த அச்சகத்தில் நடந்த கல்லச்சு லேசுப்பட்ட வேலையல்ல. சுண்ணாம்புக்கல்லை மணல் போட்டுத் தேய்த்துச் சமமாக்கி, எண்ணெய்ப் பசையுள்ள மையால் அதில் வரைய வேண்டும். மேலே வேலம்பிசினும் சில துளி அமிலமும். கல்லை நனைத்து உருளையை ஓட்டினால் ஈரமுள்ள இடம் மையைத் தள்ளும், பசையுள்ள இடம் பிடித்துக்கொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஓவியர் ஒரே வீச்சில் கொண்டுவந்த கன்னத்துச் சிவப்பை, இவ்வளவு மஞ்சள், இவ்வளவு ரோஸ், இவ்வளவு பழுப்பு என்று கண்ணாலேயே பிரித்துப் புள்ளிபுள்ளியாக வைக்க வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. ஒரு கல் மயிரிழை தப்பினாலும் தேவியின் உதட்டுச் சிவப்பு முகவாய்க்கு இறங்கிவிடும்.

படத்தின் அடியில் ஓவியர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். கல்லில் புள்ளி வைத்தவர் பெயரைக் காண்பது அரிது. ஷ்லைஷர் பெயர்கூட அவர் முதலாளி ஆனதால்தான் தப்பியது என்று நினைக்கிறோம். கல் தேய்த்த உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. 1972இல் அச்சகமே தீயில் போனது.

இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் செய்த வண்டியிலும் கம்பெனி பெயர்தான் இருக்கிறது. வண்டியில் எழுதவைக்க எங்களால் ஆகாது. இதழில் ஆகும். இந்த இதழிலிருந்து அச்சேற்றியவர், தைத்தவர் பெயர்களை ஆசிரியர் குழுவுக்கு மேலே போடுகிறோம். ஒரகடம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் வாசகர்களே, உங்கள் கை செய்யும் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்; உங்கள் பெயரைப் போட உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் குறிப்பிடுங்கள்.