துண்டறிக்கையோடு நிற்காத தொண்டு

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் துண்டறிக்கையும் தலைக்கவசமும் வழங்கிப் படமெடுத்துக்கொள்வதே தொண்டு அமைப்புகளின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு அது போதாது. சட்டத்தையும் சாலையையும் மாற்ற வைப்பதே அவை செய்யக்கூடிய பெரிய உதவி. 2008இல் தொடங்கப்பட்ட சேவ்லைஃப் அறக்கட்டளை இதற்குச் சான்று. அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற அச்சத்தைப் போக்க, அது உச்ச நீதிமன்றத்தை நாடியது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016இல் நீதிமன்றம் சட்டவலு அளித்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது. உதவியவரின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்டு இன்று யாரும் வற்புறுத்த முடியாது.

மும்பை – புனே விரைவுச்சாலையிலும் இதே அணுகுமுறைதான். விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மோதினால் உயிரைக் குடிக்கும் கான்கிரீட் தூண்களைச் சுற்றித் தடுப்புகள் அமைக்கவும், ஓரத்தில் நிற்கும் லாரிகளை அகற்றவும் அந்த அமைப்பு வழிகாட்டியது. இதெல்லாம் அரசின் கடமை, தொண்டு அமைப்புகள் புகுந்தால் அரசு கைகழுவிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே தூண்களுக்குத் தடுப்பு வைக்கும் பொறுப்பு அரசிடமே இருந்தது. தவறு எங்கே என்று சுட்டி, திருத்த வழிகாட்டும் வேலையைத் தொண்டு அமைப்பு செய்தது. அரசின் வேலையைத் தாமே செய்யும் அமைப்புகளைவிட, அரசை வேலை செய்ய வைக்கும் அமைப்புகளுக்கே நம் நன்கொடை போய்ச் சேர வேண்டும்.