"பிள்ளை உழைத்து அடைக்கும்": கணக்கு அப்படிச் சொல்லவில்லை

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் பிள்ளையை அவுஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "கடன்பட்டு அனுப்பினால், பிள்ளை அங்கே உழைத்து அடைத்துவிடும்."

கணக்கைப் பார்ப்போம்.

2024 மே 10 முதல் மாணவர் வீசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். கற்கைக் கட்டணமும் விமானச் செலவும் இதற்குப் புறம்பு. ஒரு டொலர் 200 ரூபா என்றாலே ஏறத்தாழ 59 இலட்சம். தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 4,400 நாட்கள் வேண்டும். நகரத்தில் சிறு கடை வைத்திருப்பவருக்கும் இது எட்டாத தொகைதான். அதனால்தான் வட்டிக்கு ஓடுகிறார்கள்.

அங்கே தவணைக் காலத்தில் பெரும்பாலான மாணவர்கள் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலமே வேலை செய்யலாம். 2025 ஜூலை முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர். வாரத்துக்குச் சுமார் 600. அந்த நாட்டு அரசு கணித்த வாழ்க்கைச் செலவோ வாரம் 570. மிச்சம் 30 டொலர்!

அறையைப் பகிர்ந்து, வீட்டில் சமைத்து, பழைய புத்தகம் வாங்கி இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். விடுமுறையில் கூடுதலாக உழைக்கலாம். ஆனால் அந்தச் சேமிப்பு அடுத்த தவணைக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும் உரியது; வட்டியைச் சுமக்காது. கடன் நெருக்கினால் பிள்ளை வீசா நிபந்தனையை மீறி உழைக்கும். படிப்பும் வீசாவும் சேர்ந்தே போகும்.

வட்டி மார்க்கத்தில் ஹராம். இங்கே கணக்கிலும் நட்டம். முதலாண்டுச் செலவு முழுவதும் கையில் இல்லாமல் அனுப்பாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வசதி படைத்தோரும் வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு ஒரு வழி செய்யட்டும்.