கொடையும் அதன் எல்லையும்



வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாகாது என்பர் பெரியோர். சித்தூர், திருப்பதிப் பக்கத்து விஜயபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கூரையோ வைக்கோற்போரோ தீப்பற்றினால், முதலில் குடமெடுத்து ஓடிவருவோர் அண்டை அயலாரே. தீயணைப்பு அங்கு மாநில அரசின் துறை. வண்டி தொலைவிலிருந்து வந்து சேரவேண்டும். ஆதலின், ஊரிலேயே ஒரு தொண்டர்படை அமையப் பணம் திரட்டி அனுப்பலாம் என்னும் எண்ணம், கடல் கடந்து வாழும் நம்மவர்க்குத் தோன்றுவது இயல்பே. அதற்குமுன் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நாட்டுப்புறத் தீயணைப்பு, பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களின் பணியாகும். 2020 ஜனவரியில் காட்டுத்தீ பரவி நின்றபோது, செலஸ்ட் பார்பர் என்னும் நகைச்சுவை நடிகை, அத்தொண்டர்படையின் அறக்கட்டளைக்கென முகநூல் வழியே நிதி வேண்டினார். 5 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குமேல் குவிந்தது. வீடிழந்தோர்க்கும் விலங்குகளுக்கும் பிற மாநிலங்களுக்கும் அதனைப் பகிர்ந்தளிக்கப் பலர் விரும்பினர். ஆனால் அறக்கட்டளையின் பத்திரமோ கருவி வாங்குதல், பேணுதல், பயிற்சி, நிர்வாகம் முதலிய படைச் செலவுகளையே குறித்திருந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. பணியிற் காயமுற்ற தொண்டர்க்கும் உயிர்நீத்தோர் குடும்பத்தார்க்கும் உதவலாம். பிற அறநிலையங்களுக்கு வழங்கலாகாது என 2020 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. கொடுத்தவர் மனத்தில் இருந்ததை அன்று. பத்திரத்தில் இருந்ததையே சட்டம் நோக்கியது.

அப்பத்திரத்தில் வாங்குதலுக்கு அருகே பேணுதலும் இடம்பெற்றமை கருதத்தக்கது. பம்பு வாங்க ஒருமுறை பணம் போதும். டீசலும் குழாயும் பழுதுபார்ப்பும் ஆண்டுதோறும் பணம் கேட்கும். வாங்கும் நாளில் மாலையிட வருவோர் பலர். மூன்றாம் ஆண்டில் டீசலுக்குக் கொடுப்போர் சிலரே.

மேலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றோரும் வெளிநாட்டுச் சங்கங்களும் தரும் கொடையை இந்தியாவிலுள்ள ஓர் அமைப்பு ஏற்கவேண்டுமாயின், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

ஆகவே, உண்டியல் எடுக்குமுன் ஏடெடுப்போம். எதற்காகத் திரட்டுகிறோம், எவர் செலவிடுவர், ஆண்டுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவோம், எஞ்சிய பணம் எங்குச் செல்லும் என்னும் நான்கையும் முதலில் எழுதி, கொடுப்போர் அனைவர்க்கும் காட்டுவோம். அன்பு பணத்தைத் திரட்டும். அதனை உரிய இடத்திற் சேர்ப்பது எழுத்தே.