365-ஆல் வகுக்காதீர்கள்

சென்னையில் 1,000 சதுர அடி மொட்டைமாடிக்கு ஆண்டில் ஒரு லட்சம் லிட்டர் மழைநீர் கிடைக்கும், நாளுக்குச் சுமார் 275 லிட்டர், ஆகவே 2,000 லிட்டர் தொட்டியே தாராளம் என்கிறார் நண்பர். ஒரு லட்சம் என்பது சரி. சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர்; ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்; ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் அவ்வளவு தேறும்.

அதை 365-ஆல் வகுத்ததுதான் பெரும் பிழை. சென்னை மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்த மாடியிலிருந்து 7,400 லிட்டர் இறங்கும். அவர் தொட்டி 27 மில்லிமீட்டரிலேயே நிரம்பி வழியும். மீதி தெருவுக்கா?

தொட்டியின் அளவை மழையில்லாத நாட்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர். ஜனவரி முதல் மே வரை 150 நாளுக்கு 3,000 லிட்டர். கோடை நீண்டாலும் தாங்க 5,000 லிட்டர் தொட்டி வையுங்கள். குளிக்கவும் துவைக்கவும் சேர்த்தால் எந்தத் தொட்டியும் போதாது. அதற்குக் கிணறு இருக்கிறது. நிரம்பி வழியும் குழாயை அதில் விடுங்கள்.

முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். காக்கை எச்சமும் வேப்பஞ்சருகும் அதில்தான் வரும்.