பசியாறிட்டீங்களா, அக்கா?

பாயான் பாருவில் வீடெடுத்துத் தங்கிப் படித்த நம் மாணவர்களுக்கு அந்த ரொட்டிக் கடை நினைவிருக்கும். பெயர் வேண்டாம். முன்புறம் கண்ணாடிப் பெட்டிகளில் பன், கறிபாப், கேக். உள்ளே ஆறு மேசைகள். காலையில் காயா தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி. பதினொன்றரைக்கு மேல் பலகையைத் திருப்பி வைப்பார்கள். மறுபக்கத்தில் மதியச் சாப்பாடு: சிக்கன் சாப், வறுத்த மீகூன், ரொட்டியும் கறியும். அந்த ரொட்டி சற்று விறைப்பாக இருக்கும். காலையில் மிஞ்சியதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆனாலும் கறி நன்றாகவே இருக்கும்.

கல்லாவில் நிற்பவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நாங்கள் நால்வர், நால்வருமே தமிழ்மொழிக் கழகச் செயலவையினர். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவரிடம் "காக், ரோத்தி பாக்கார் சத்து" என்றுதான் கேட்டு வாங்கினோம். அவரும் மலாயில்தான் பதில் சொன்னார். ஒரு நாள் அவருடைய கைப்பேசி ஒலித்தது. "பசியாறிட்டியா கண்ணு? முட்டை மூடி வெச்சிருக்கேன், சாப்ட்டுட்டுப் போ" என்றார். எங்கள் மேசையில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் கழகக் கூட்டத்தில் ஒரு சுவரொட்டிக்காக 'பேக்கரி' என்பதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று அரைமணி நேரம் வாதிட்டிருந்தோம். தமிழகத்து 'அடுமனை'யா, இலங்கையின் 'வெதுப்பக'மா? இரண்டும் நல்ல சொற்களே. கலைச்சொல் ஆக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் 'பசியாறு' என்ற சொல்லை யாரும் குழு அமைத்து உருவாக்கவில்லை. பொதுத்தமிழில் எந்த வேளைப் பசியும் ஆறலாம். நம் நாட்டில் 'பசியாறை' என்றால் காலை உணவு. தமிழக முஸ்லிம்களிடமும் இவ்வழக்கு உண்டு. இப்படியொரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்குள்ளேயே 'பிரேக்பாஸ்ட் போலாமா' என்று கேட்டுக்கொள்கிறோம்.

பினாங்கு ரொட்டிக்கே இதில் ஒரு பாடம் இருக்கிறது. மோட்டார் ரொட்டிக்காரர்களிடம் நம் பாட்டிமார் வாங்கிய 'ரோத்தி பெங்காலி'யை வங்காளத்து ரொட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் பங்கு சேர்ந்து நடத்திய ரொட்டிக் கூடத்தில் பிறந்தது அது என்றும், 'பங்காளி' என்ற தமிழ்ச் சொல்லே பிறர் வாயில் 'பெங்காலி' ஆனது என்றும் பினாங்கில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். (ரோத்தி சானாயைச் சென்னையோடு முடிச்சுப் போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாவைத் தேய்த்து மெல்லியதாக்குவதை மலாயில் 'சானாய்' என்றே சொல்வார்கள்.) ஜார்ஜ் டவுனை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை நகரமாக அறிவித்தபின் பழைய கட்டடங்களுக்கு விளக்கப் பலகைகள் வந்தன. ரொட்டியின் பெயருக்குப் பலகை வைப்பவர் யார்? வாங்கியவனும் விற்றவனும் தமிழில் பேசிக்கொண்ட வரையில் அது பங்காளியாகத்தான் இருந்திருக்கும்.

என் கருத்துக்கு நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார். கடை முதலாளி சீனர், உடன் வேலை செய்பவர் மலாய்க்காரர். அவர்கள் நடுவில் நாம் மட்டும் தமிழில் பேசுவது மரியாதையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாரும் சேர்ந்து பேசும்போது மலாயே முறை. ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்று இருவர் மட்டும் நிற்கும்போது யாருக்காக நாம் மலாய் பேசினோம்?

மறுநாள் காலை, "பசியாறிட்டீங்களா, அக்கா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இத்தனை நாளாக நீங்களும் மலாயில்தானே பேசினீர்கள் என்றதற்கு, "நீங்க யூனிவர்சிட்டி புள்ளைங்க. தமிழ்ல பேசுனா ஒங்களுக்குப் பிடிக்குமோ என்னமோன்னு இருந்துட்டேன் தம்பி" என்றார். தமிழ் விழாவுக்கு மண்டபம் நிறையக் கூட்டம் சேர்த்த எங்களைப் பற்றி ஒரு தமிழருக்கு இருந்த எண்ணம் இது. குற்றம் அவருடையதன்று.

பிறகுதான் அவருடைய கதை வந்தது. பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தபோது தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த பெண்களில் அவர் தாயாரும் ஒருவர். இவரும் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். இரவு வேலை ஒத்துக்கொள்ளாமல் கடைக்கு வந்திருக்கிறார். பாயான் பாருவைப் பற்றி எங்கள் ஆய்வேட்டுக்குக் கிடைக்காத செய்திகள் எல்லாம் அந்தக் கல்லாவில் ஓராண்டாக நின்றுகொண்டிருந்தன.

அன்று மதியம் ஒரு மணிக்கும் போனோம். கடை நிறையத் தொழிற்சாலைக் கூட்டம். "சாப்ட்டீங்களா அக்கா?" என்றேன். தட்டுகளை அடுக்கியபடியே, "மூணு மணிக்குத்தான் தம்பி. இந்தக் கூட்டம் கலையணுமே" என்றார். அதன்பின் சனிக்கிழமைகளில் நாங்களும் மூன்று மணிக்கே சாப்பிடப் போனோம். கறி தீர்ந்து போயிருக்கும். பெரும்பாலும் மீகூன்தான் கிடைக்கும்.