மாறும் விதி, மாறாத மென்பொருள்

கரியமாணிக்கத்தில் சிமெண்ட், பைப் விற்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சைக்கிளில் போகிற தூரத்தில் வேறு மாநிலம். உள்ளூருக்கு லோடு போனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. எல்லை தாண்டிப் போனால் ஐஜிஎஸ்டி, சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில். இதையெல்லாம் எந்த பில்லிங் மென்பொருளும் செய்துவிடும். விதியே மாறும்போதுதான் வம்பு.

மாறாத வருஷம் எது? 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது சட்டத்தில் இருந்த முறை இது: விற்றவர் 10-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, வாங்கியவர் 15-க்குள் ஜிஎஸ்டிஆர்-2, பிறகு 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3. அதை நம்பி மென்பொருள் எழுதியவர்கள் பாவம். நவம்பரிலேயே 2-ம் 3-ம் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லி வந்த 3பி இன்றும் இருக்கிறது!

36(4) விதி இன்னும் மோசம் (காமர்ஸ் மாணவர்களுக்குப் பெயரைக் கேட்டாலே தலைவலி). விற்றவர் கணக்கில் காட்டிய வரி வரவுக்கு மேல் வாங்கியவர் எவ்வளவு கூடுதலாக எடுக்கலாம்? 2019 அக்டோபரில் 20 சதவீதம். 2020 ஜனவரியில் 10. 2021 ஜனவரியில் 5. 2022 ஜனவரியில் சுத்தமாக ஒன்றுமில்லை. அந்த 20-ஐ நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர் ஒவ்வொரு முறையும் நிரலைத் திறக்க வேண்டியிருந்திருக்கும். அந்தச் செலவு கடைசியில் அப்டேட் கட்டணமாகவோ, கணக்கு எழுதுபவரின் கூலியாகவோ கடைக்காரர் தலையில்தான் விழும்.

மாறக்கூடியதை நிரலுக்கு வெளியே, தேதியோடு சேர்த்து வைக்க வேண்டும். தேதி முக்கியம். 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமானது. ஆகஸ்டில் விற்ற மூட்டை அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் 28-ல்தான் போட வேண்டும். பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதிய மென்பொருள் 18 என்று போட்டுவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். டாலியில் வரி விகிதத்தோடு 'எந்தத் தேதியிலிருந்து' என்று கேட்கிற ஒரு சின்னக் கட்டம் உண்டு. பத்து புது வசதிகளைவிட அந்தக் கட்டம் பெரிசு.

ஆனால் எல்லாவற்றையும் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால்? அதுவும் ஆபத்து. எஸ்ஏபி மாதிரி பெரிய மென்பொருளில் எதையும் மாற்றலாம், அதை மாற்றித் தருவதற்கென்றே தனி ஆலோசகர் வேண்டும். கல்லாவில் இருக்கும் பையனுக்கு அது சரிப்படாது. எண் மாறினால் கடைக்காரரே மாற்றட்டும். வேலையின் படிகளே மாறினால், ஜிஎஸ்டிஆர்-2 காணாமல் போன மாதிரி, அது மென்பொருள் விற்றவர் பொறுப்பு. அதற்குத் தனிக் காசு கேட்பது நியாயமில்லை.

யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும் அழியாமல் இருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு இது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். அந்த விதி முதலில் 2021 ஏப்ரலில் வருவதாக இருந்தது, பிறகு 2022 என்றார்கள்.